ஒரு நாள் பிந்திய முகம்

ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குச் செவல்கிணற்றில் இருந்த அத்தனை பேருடைய முகமும் ஒரு நாள் பின்தங்கிப் போயிற்று. மனசு இருந்த இடத்தில் இருந்தது, நாக்கு இருந்த இடத்தில் இருந்தது, கையும் காலும் ஏவிய வேலையை ஏவிய நேரத்தில் செய்தன. முகம் மட்டும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போல, திங்கட்கிழமையிலேயே நின்றுகொண்டது. திங்கள் எட்டு மணிக்கு ஒருவர் எரிச்சல்பட்டிருந்தால் அந்த எரிச்சல் செவ்வாய் எட்டு மணிக்கு, நிமிஷம் பிசகாமல், அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. செவ்வாய் எட்டு மணிக்கு அவர் பட்ட எரிச்சலைப் பார்க்கவேண்டும் என்றால் புதன் எட்டு மணி வரை பொறுத்திருக்க வேண்டும். கண்ணீரும் முகத்தோடு சேர்ந்த சரக்குதான் என்பதால் அதுவும் ஒரு நாள் பிந்தியே வந்தது.

முதலில் கவனித்தது ரயில்வே கேட் டீக்கடையில். மாஸ்டர் பாக்கியநாதன் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீயை நீளமாக ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் முகம் கொதிநீர் பட்டவனுடையதைப் போலக் கோணிக்கொள்ள, பெஞ்சில் இருந்த நாலு பேரும் பச்சைத் தண்ணீர் எடுக்க ஓடினார்கள். “எனக்கு ஒண்ணுமில்லப்பா, கை வெந்தது நேத்துல்லா” என்றார் அவர், வெந்த முகத்தோடு.

காரணத்தைத் தேடாமல் இல்லை. சுகாதாரத் துறை வேன் ஒன்று வந்து எல்லோர் நெற்றியிலும் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போயிற்று. கோயிலில் பூக்கட்டிப் பார்த்ததில் வெள்ளைப் பூ வந்தது, ஆனால் கேட்ட கேள்வி எது என்பதில் போனவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நாலாம் நாள் ஊர் காரணத்தைக் கைவிட்டு ஏற்பாடுகளில் இறங்கியது. காரணம் தெரியாதவற்றோடு குடும்பம் நடத்துவது செவல்கிணற்றுக்குப் புதிதல்ல; பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நாட்களோடு அது முப்பது வருடமாக அப்படித்தான் நடத்தி வந்தது.

பெண் பார்க்கும் வீடுகளில், மறுநாள் எந்த மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களோ அந்த மணிக்கு முதல் நாளே பெண்ணைச் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று தரகர்கள் விதித்தார்கள். நாலரைக்கு ஐஸ்கிரீம், நாலே முக்காலுக்குச் சித்தி மகள் சொல்லும் ஜோக் என்று அட்டவணை போட்டார்கள். வடக்குத் தெருப் பெண் ஒருத்தி, அந்த இடம் பிடிக்காததால், முதல் நாள் நாலரைக்கு யாரும் பார்க்காமல் ஒரு மிளகாய் வற்றலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் எழுத்தர் பிற்பகல் இரண்டு முதல் மூன்று வரை தூங்குகிறவர். ஒரு நாள் அந்நேரம் விழித்திருந்து வேலை பார்த்தபோதும் முகம் மட்டும் தூங்கியது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாவு வீட்டில்தான் ஊர் மிகவும் திணறிப்போயிற்று. சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு இறந்த ஒரு பெரியவரின் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை டிவியில் பார்த்த காமெடியின் சிரிப்போடு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதைவிட, இறந்தவருடைய முகமும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கிடந்தபடியே பதினோரு மணிக்குச் சர்க்கரை குறைந்த காப்பிக்கு முகம் சுளித்தார், மாலை ஆறுக்குப் பேத்தியைப் பார்த்து மலர்ந்தார், மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் அடங்கினார். அதிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகாமல் செவல்கிணற்றில் யாரையும் எடுப்பதில்லை என்றாயிற்று. “முகம் அடங்கட்டும்” என்பார்கள். அந்த ஒரு நாளும் வீட்டார் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்து, இது மோர் குடிச்சப்ப, இது நான் போன் பண்ணினப்ப, என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உயிரோடு இருப்பவர்களிடம்தான் பயம். எதிரே நிற்பவருக்கு இப்போது கோபமா, வருத்தமா, நம்மைக் கண்டு அருவருப்பா என்று கண்டுபிடிக்க வழியில்லை. “ஒண்ணுமில்ல” என்று மனைவி சொன்னால் அது ஒன்றுமில்லைதானா என்று பார்க்க முகமில்லை. வாயைத் திறந்து கேட்கலாம்தான். ஆனால் சாப்பிட்டாச்சா என்பதைத் தவிர வேறு எதையும் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகாத ஊர் அது. ஆகவே எதிரே இருப்பவரின் நெற்றியையே பார்த்தபடி, ஒவ்வொருவரும் தப்பாகவே ஊகித்துக்கொண்டு நடமாடினார்கள்.

இந்தப் பயம் புதிதாக இல்லாதவர்கள் ஊரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். அவர்கள் தர்மவர்த்தினி உயர்நிலைப்பள்ளியின் பழைய அறிவியல் கூடத்தில், தினமும் இரண்டாவது பீரியடில், ஜெபக்கனி டீச்சரிடம் படித்த பிள்ளைகள். ஆறு பேருக்கும் கணக்கும் வரலாறும் வந்தன, மனிதர்கள்தான் வரவில்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அவர் மனதை அறிவது என்று மற்றவர்கள் தாய்ப்பாலோடு கற்றுக்கொண்ட பாடத்தை இவர்கள் பென்சிலும் நோட்டும் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கென்றே அரசாங்கம் ஒப்பந்தத்தில் அனுப்பிய சிறப்பாசிரியர் ஜெபக்கனி. அவரிடம் சிரிப்பு, அழுகை, கோபம், பயம், ஆச்சரியம், அருவருப்பு என்று ஆறு முகம் வரைந்த அட்டைகள் இருந்தன. மெய்ப்பாடு எட்டு என்பது பழைய இலக்கணக்காரர்களின் கணக்கு. மீதி இரண்டு அட்டைகள் சப்ளை ஆகவில்லை. அட்டை போதாத இடத்துக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் மூன்று கேள்விகள்: அவர் எங்கே இருந்தார், கூட யார் இருந்தார்கள், அவருக்கு அப்போது என்ன தெரியும். மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு, நாலாவது கட்டத்தில் ஆறு முகங்களில் ஒன்றை எழுத வேண்டும். ‘தெரியல’ என்று எழுதினால் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

“உன் மூளையில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். அடுத்தவங்க மூளையில வேற இருக்கும். அதக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். கேட்டுட்டு, பத்து எண்ணுற வரைக்கும் காத்திரு” என்று அவர் வருடம் முழுவதும் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆறு பேரும் வருடம் முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகம் பிந்திய இரண்டாவது வாரம் ஊர் அந்த அறிவியல் கூடத்து வாசலில் வந்து நின்றது. பதினோரு வயது ஷமீமா, யார் முகத்தையும் பார்க்காமல், நோட்டைப் பார்த்தபடியே, “நேத்து இந்நேரம் எங்க இருந்தீங்க? கூட யாரு?” என்று கேட்டுக் கேட்டு, பேசாமல் இருந்த இரண்டு சம்பந்தி வீட்டாரைப் பேசவைத்துவிட்டாள் என்று செய்தி பரவியிருந்தது. “இவ முறைச்சது உங்களப் பாத்து இல்ல. நேத்து கேஸ் தீந்துபோச்சு” என்று அவள் தீர்ப்புச் சொன்னதாகவும், இரண்டு வீட்டாரும் அதற்குப் பிறகு சிலிண்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதாகவும் சொன்னார்கள். டீக்கடைப் பெஞ்சில் பெரியவர்கள் நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார்கள். ஜெபக்கனி டீச்சருக்கு வணக்கம் வைக்காதவர்களெல்லாம் வணக்கம் வைத்தார்கள், நேற்றைய அலட்சியம் முகத்தில் இருக்க.

ஆனால் டீச்சருக்குத் தூக்கம் இல்லை. தளவாய்க்குத் தேதி குறித்தாயிற்று.

தளவாய் அந்த ஆறு பேரில் ஒருவன், எட்டாம் வகுப்பு, பதிமூன்று வயது, அம்மா பேச்சியம்மாள் காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குபவர். அவனுக்கு ஒரு பழக்கம்: பயம் வந்தால் சிரிப்பான். உதடு தானாக விரிந்து பல் முழுக்கத் தெரியும், பயம் கூடக்கூடப் பல்லும் கூடும். தெரு நாய் துரத்தினால் சிரித்துக்கொண்டே ஓடுவான்; அதைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்து நாயைத் தடுக்காமல் போனவர்கள் பலர். முகங்கள் பிந்துவதற்கு மூன்று வாரம் முன்பு, ஆனி மாதத்தில், தலைமையாசிரியர் வெயிலுமுத்து சாரின் மனைவி காலமானார். சார் ஆறாம் நாளே பள்ளிக்கு வந்துவிட்டார். இருபத்தொன்பது வருடமாக ஒரே முகத்தை வைத்திருந்த மனிதர், அழுதார் என்று சொல்ல ஊரில் ஒரு சாட்சி கிடையாது. காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி நடந்தது. அறுநூறு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த நிசப்தத்தில், முதல் வரிசையிலிருந்து, தளவாயின் சிரிப்பு எழுந்தது.

“எதுக்குலே சிரிக்க?” என்றார் சார்.

“பயமா இருக்கு சார்” என்றான் தளவாய், இன்னும் அதிகமாகச் சிரித்தபடி. அறுநூறு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கே டி.சி. எழுதச் சொல்லிவிட்டார் சார். சிறப்புப் பட்டியலில் இருக்கும் பிள்ளையைச் சிறப்பாசிரியர் முன்னிலையில், குழு கூடித்தான் விலக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் தள்ளிப்போயிற்று. பிறகு முகங்கள் பிந்தியதால் மேலும் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. அவனுக்கு நிசப்தம் என்றால் பயம் என்று ஜெபக்கனி டீச்சர் ஒரு பக்கம் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் படிக்கவில்லை. டி.சி. கிடைத்தால் அவனைச் சேர்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் வேறு பள்ளி கிடையாது. மாவட்டத் தலைநகரில் விடுதியோடு ஒன்று உண்டு, அங்கே அம்மாவை மாதம் ஒரு ஞாயிறு பார்க்கலாம். ஆறு பத்துக்கு வரவேண்டிய அம்மா ஆறு பதினொன்றுக்கு வந்தால் தெருமுனையில் பல் தெரிய நிற்கிற பையன் அவன்.

குழு கூடுவது ஆடி கடைசி வாரத்தில் வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு. அப்படியானால் வியாழன் பதினொன்றுக்கு அவன் முகத்தில் தெரியப்போவது புதன் பதினொன்றுக்கு அவன் படுவது. ஊரே முகத்தை முதல் நாளே சமைத்து வைக்கும்போது நாம் ஏன் வைக்கக் கூடாது என்ற யோசனை டீச்சருக்கு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்ததற்காக அவர் வெட்கப்பட்டார், அந்த வெட்கம் மறுநாள் பஸ்ஸில் தெரிந்தது.

“அவனுக்கு வருத்தம் வரணும், பேச்சியம்மா. பயம் வரக்கூடாது. வருத்தம் மட்டும். அழுற மாதிரி எதாவது...”

“புள்ளய அழவைக்கணும்ங்கீங்களா டீச்சர்?”

“ஒரு அஞ்சு நிமிஷம்.”

பேச்சியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவன் எதுக்கும் அழமாட்டான். அடிச்சாலும் சிரிப்பான். காலண்டர்ல நாள் முடியாம தாளக் கிழிச்சா மட்டும் அழுவான். சின்னதுல ஒருதரம் தெரியாம கிழிச்சுட்டேன். சாயந்திரம் வரைக்கும் அந்தத் தாளக் கையில வச்சு ஒட்டிக்கிட்டே அழுதான்.”

புதன்கிழமை பேச்சியம்மாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தங்கள் வீட்டுக் காலண்டரையே எடுத்து வந்து அறிவியல் கூடத்துச் சுவரில் மாட்டினார். தளவாய் எதிரே உட்கார்ந்திருந்தான். பதினொன்று அடித்தது. பேச்சியம்மாளால் முடியாமல் போக, ஜெபக்கனி டீச்சரே எழுந்து போய், பதினொன்று இரண்டுக்கு, இன்னும் பதின்மூன்று மணி நேரம் பாக்கியிருந்த புதன்கிழமையைக் கிழித்தார்.

கிழித்த தாளுக்கு அடியில் என்ன இருக்கும் என்பதை இரண்டு பெண்களும் யோசித்திருக்கவில்லை. அடுத்தவர் இடத்தில் இருந்து பார்ப்பது எப்படி என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், அவனைப் பெற்றவர் ஒருவர். இருவரும் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து அந்தச் சுவரை ஒரு முறை பார்த்திருக்கலாம்.

“வியாழக்கிழமை வந்துருச்சா?” என்றான் தளவாய். அவன் முகத்தில் செவ்வாய்க்கிழமையின் சாதாரணம் இருந்தது. குரல் மட்டும் உள்ளே போய்விட்டிருந்தது. “சார் என்னைய அனுப்புற நாள் இன்னைக்கா? பயமா இருக்கு டீச்சர். ரொம்பப் பயமா இருக்கு.”

ஒரு நாள் முன்கூட்டியே, நிமிஷக் கணக்காக, நடக்கப்போவது தெரிந்துவிடுவது எப்படியிருக்கும் என்பதை அவர்கள் இருவரும் அன்று அறிந்தார்கள். நாளைக்குப் பதினொன்று இரண்டுக்கு, சார் எதிரே, இருக்கிற பல் அத்தனையும் தெரிய அவன் சிரிக்கப்போகிறான். முகத்தைத் துண்டால் மூடி வருவது கூடாது என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்க டீச்சர் ஆபீசுக்கு ஓடினார்.

“பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். நான் எல்லாம் தயார் பண்ணியாச்சு” என்றார் வெயிலுமுத்து சார்.

அவரும் தயார் பண்ணியிருந்தார். அன்று காலை பதினொன்றுக்கு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, புகார்க் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, கோபம் வருவதற்காக அதை உரக்கப் படித்திருந்தார். கோபம் நன்றாகவே வந்தது என்பது அவர் எண்ணம். நடுவில் மூக்கு அடைத்தது, கோப்பில் தூசி அதிகம். தன் முகம் தனக்குத் தெரியாது என்பது பழைய செய்தி.

வியாழக்கிழமை பதினொன்று. சார் நாற்காலியில் சார். அவருக்கு வலப்பக்கம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், ஹார்டுவேர் கடை சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி. முதல் நாள் அந்நேரம் அவர் கடையில் கோழி இறகால் காது குடைந்துகொண்டிருந்ததால், ஒரு கண் மூடி, வாய் பாதி திறந்து, சொர்க்கத்தில் இருந்தார். அந்த முகத்தோடு, “பள்ளிக்கூடம்னா ஒரு ஒழுங்கு வேணுமா வேண்டாமா?” என்று கடுமையாகக் கேட்டார். பேச்சியம்மாள் சுவரோரம் நின்றார். ஜெபக்கனி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஊரிலேயே அவர் முகம் ஒன்றுதான் அந்நேரம் சரியாக இருந்தது. நேற்றைக்குப் பட்டதும் இப்போது படுவதும் ஒன்றே.

“மேற்படி மாணவன்,” என்று சார் கோப்பை வாசித்தார், “தலைமையாசிரியரின் துணைவியார் காலமானதை ஒட்டி நடைபெற்ற மௌன அஞ்சலியின்போது...”

பதினொன்று இரண்டு. தளவாயின் உதடு விரிந்தது. முதலில் முன்பல், பிறகு கடைவாய் வரை.

“பாத்தீங்களா சார்! இப்பக்கூட!” என்று அண்ணாச்சி மேஜையில் அடித்தார். அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் வெயிலுமுத்து சாரின் முகம் அதே நிமிஷம் உடைந்துபோயிருந்தது. குரல் “பல் தெரியச் சிரித்து, அஞ்சலியின் மாண்பைக் குலைத்து” என்று கறாராக வாசித்துக்கொண்டே போக, அதற்கு மேலே அந்த முகம், கீழுதடு நடுங்கி, கன்னம் இழுத்து, வழிதவறிய குழந்தையின் முகமாக அழுதது. கோப்பின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை கலங்கியது. சார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், எங்கே ஒழுகுகிறதென்று. இரண்டாவது சொட்டு விழுந்ததும் கையை எடுத்துத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

தளவாய் பையிலிருந்து நோட்டை எடுத்தான், கட்டம் போட்டான், சிரித்த முகத்தோடு கேட்டான்:

“சார், நேத்து பதினொண்ணு ரெண்டுக்கு எங்க இருந்தீங்க?”

“ஏலே, யாரு யாரக் கேள்வி கேக்கது!” என்றார் அண்ணாச்சி.

“இருங்க அண்ணாச்சி” என்றார் சார். முகம் அழுதுகொண்டே இருந்தது. “இந்த நாற்காலியிலதான் இருந்தேன்.”

“கூட யாரு?”

“யாருமில்ல. இந்த ஃபைலு.”

“உங்களுக்கு அப்ப என்ன தெரியும்?”

ஒன்று, இரண்டு என்று தளவாயின் விரல் நோட்டின் மேல் தட்டியது. எட்டுக்கு வந்தபோது சார் பேசினார்.

“அவ போன தேதி தெரியும். இதுல எழுதியிருக்கு, ஆனி பதினாலு. அவ இன்னும் இருபது நாள் இருந்திருந்தா எங்க வீட்ல அவ முகம் இன்னும் ஒரு நாள் ஓடியிருக்கும்லா. கடைசி நாள் மத்தியானம் நான் இங்க மீட்டிங்ல இருந்தேன். அவ எப்படி இருந்தான்னு பாக்கல. அது ஓடியிருந்தா பாத்திருப்பேன். அதத்தான் நினைச்சேன்.” பிறகு, விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவரைப் போல, “தூசின்னு நினைச்சேன்” என்றார்.

தளவாய் எழுதிக்கொண்டான். அவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சார், அவனுடைய பற்களை முதல் தடவையாக, ஒரு கணக்கைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

“நீ எங்கலே இருந்த? நேத்து இந்நேரம்?”

“லேப்ல. அம்மாவும் டீச்சரும் கூட. புதன்கிழமையக் கிழிச்சாங்க. அடியில வியாழக்கிழமை இருந்துச்சு. பயமா இருந்துச்சு.”

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

“அன்னைக்குக் கூட்டத்துல?”

“முதல் வரிசையில சார். உங்களுக்கு நேரா.”

“கூட யாரு?”

“எல்லாரும். எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க. நான் மூடல.”

மூன்றாவது கேள்வியையும் சார் கேட்டார். “உனக்கு அப்ப என்ன தெரியும்?”

“நீங்க மூச்சு விடல சார்” என்றான் தளவாய். “நான் எண்ணினேன். நாப்பது வரைக்கும் எண்ணினேன். மூச்சே விடல. செத்துப்போயிருவீங்கன்னு நினைச்சேன். யாருமே பாக்கல. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு.”

நிசப்தம் என்றால் பயம் என்று ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதிய ஜெபக்கனி டீச்சர், எதைக் கண்டு பயந்தாய் என்று அவனைத் தான் ஒரு நாளும் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டிருந்தார். காது குடைந்து முடித்த திருப்தி முகத்தில் பரவியிருக்க, சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி எழுந்து, “கடையில ஆளில்ல சார், போயிட்டு வாரேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சார் கோப்பை மூடினார். “மூணாவது பீரியட் கணக்கு. கிளாசுக்குப் போ.”

தளவாய் போகவில்லை. நோட்டில் நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

“இப்ப எப்படி இருக்கு சார்?”

வெயிலுமுத்து சார் கன்னத்தைக் கையால் துடைத்தார். முகத்தில் நேற்றைய அழுகை மெல்ல வற்றிக்கொண்டிருந்தது.

“தெரியலப்பா” என்றார்.

செய்தி பத்து நிமிஷத்தில் ஆசிரியர் ஓய்வறைக்குப் போயிற்று. தளவாய் நாற்பது எண்ணிய கதையைக் கேட்டபோது சார் பட்டது என்னவோ அது வெள்ளிக்கிழமை பதினொன்று ஒன்பதுக்கு அவர் முகத்தில் வந்தே தீரும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு, சார் கணக்கு நடத்தும் எட்டாம் வகுப்பு வராந்தாவில் அந்நேரம் ஆளுக்கொரு வேலை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, வந்தது போலவே சொல்லாமல் கொள்ளாமல், செவல்கிணற்றின் முகங்கள் அத்தனையும் ஒரே எட்டில் இன்றைக்கு வந்து சேர்ந்தன. டீ மாஸ்டர் தும்மினார், தும்மல் அப்போதே முகத்தில் வந்தது. வராந்தாவில் கூடியவர்கள் பார்த்தது பின்னம் கற்பிக்கும் ஒரு மனிதரின் முகத்தை. மூன்றாவது பெஞ்சில், வருகைப் பதிவேட்டின் இருபத்தேழாவது பெயராக, தளவாய் இருந்தான்.

திங்கட்கிழமை ஒன்று ஊரில் இரண்டு முறை தெரிந்தது. இந்த வியாழக்கிழமை ஒரு முறையும் தெரியவில்லை. அன்று காலை ஆறே முக்கால் முதல் மறுநாள் ஆறே முக்கால் வரை அங்கே யார் எதைப் பட்டிருந்தாலும் அது எந்த முகத்துக்கும் வராமல் போயிற்று, இனி வராது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் திரும்பிவிட்டது, பார்த்தால் தெரிகிறது, இனிக் கேட்பானேன் என்று நாற்பது பக்க நோட்டுகளைப் பிள்ளைகளின் ரஃப் நோட்டாக்கிவிட்டு, மறுபடி தப்பாக ஊகிக்கும் பழைய வேலைக்கு நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். ஷமீமாவைத் தேடி யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடில் ஜெபக்கனி டீச்சர் நோட்டுகளைத் திருத்தினார். தளவாயின் நோட்டில் வியாழக்கிழமை பக்கம் இப்படி இருந்தது: ‘மணி 11.09. வெயிலுமுத்து சார். எங்கே: நாற்காலி. கூட: நான், அம்மா, டீச்சர். என்ன தெரியும்: நான் நாப்பது எண்ணினது. முகம்: அழுகை, நேத்துது. இப்ப: தெரியல.’

சிவப்புப் பேனா கட்டத்தின் மேல் நின்றது. டீச்சர் ஆறு அட்டைகளையும் எடுத்து ஒரு தடவை புரட்டிப் பார்த்தார், சப்ளை ஆகாத இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்த்தார். பிறகு ‘தெரியல’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சரி என்று குறி போட்டார்.

தளவாய் குறியைப் பார்த்தான். நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தான், ஒரு நாளும் பிந்தாத, இந்த நிமிஷத்து முகம். அட்டைகளைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

“இப்ப எப்படி இருக்கு டீச்சர்?” என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தான்.

ஏழில் அவர் மூச்சு விட்டார்.